450 ஹெலி கைக்கு வந்துருச்சு, வளவுல பறக்கவிடலாமா?

வளவுப்பொடியன் (சனி, ராத்திரி 10:40)

எல்லாருக்கும் வணக்கம். நான் கோட்டையூர். சிங்கப்பூர்ல இருக்க எங்க சித்தப்பா ஊருக்கு வந்தப்ப அவரு வச்சிருந்த பழைய ஆர்சி ஹெலிகாப்டரை, அதான் ரிமோட்ல பறக்குறது, தூக்கிட்டு வந்து என்கிட்ட குடுத்துட்டாரு. அலைன் டி-ரெக்ஸ் 450. உச்சியில குறுக்க ஒரு கம்பி, கம்பியோட ரெண்டு முனையிலயும் குட்டித் துடுப்பு மாதிரி ஒண்ணு இருக்கு. ரிமோட் இருக்கு, சார்ஜர் இருக்கு, பேட்டரி மட்டும் இல்ல, பெரிய பெட்டியில போட்டா ஏர்போர்ட்ல எடுத்துருவாங்கன்னு அங்கயே விட்டுட்டு வந்துட்டாராம். நான் இதுவரைக்கும் ஓட்டுனது திருவிழாக்கடையில வாங்குன ரெண்டடுக்கு றெக்கை பொம்மை ஹெலி மட்டுந்தான், அது நல்லாவே வந்துச்சு எனக்கு.

எங்க பெரிய வீட்டு வளவு நல்ல அகலம், மேல வானம் தெரியும், உள்ள காத்து அவ்வளவா வராது. அதுல வச்சு மொதல்ல ஒரு அடி தூக்கிப் பாக்கலாம்னு இருக்கேன். வீடியோல பாத்தா ஈசியாத்தான் தெரியுது. என்ன பேட்டரி வாங்கணும்னு மட்டும் சொன்னா போதும்ணே.

பொட்டக்காட்டு பைலட் (சனி, ராத்திரி 11:15)

தம்பி, பேட்டரி வாங்காத.

படிச்சதும் கோவம் வரும், இருந்தாலும் சொல்லிடுறேன். நான் புதுவயல் பக்கம், இந்தக் கிறுக்குல பல வருஷமா கிடக்குறேன். 450ல றெக்கை ஒண்ணு 325 மில்லிமீட்டர், சுத்துற வட்டத்தோட குறுக்களவு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். றெக்கை நிமிஷத்துக்கு 2600 சுத்து சுத்துதுன்னு வையி, நுனியோட வேகம் என்னன்னு நீயே பெருக்கிப் பாரு, மணிக்கு 340 கிலோமீட்டர் வரும். அதைக் கொண்டுபோய் நாலு பக்கமும் தூணு இருக்க முற்றத்துல, பட்டாலையில அப்பத்தா உக்காந்து அரிசி பொடைக்கிற நேரத்துல தூக்கப் போறியா. 2013ல நியூயார்க் புரூக்ளின்ல ஒரு பார்க்ல 19 வயசுப் பையன் செத்துப்போனான், அவன் ஓட்டிக்கிட்டு இருந்த ஹெலி அவன் தலையிலயே அடிச்சு. அவன் கத்துக்குட்டி இல்ல, நல்லா ஓட்டுறவன். அது 450ய விடப் பெருசுதான், ஆனா 450ம் விரலை எடுக்குறதுக்குப் பத்தும்.

ஹெலி நல்ல ஹெலிதான். சித்தப்பாவுக்கு நன்றி சொல்லு, பரண்ல ஏத்து, துணி போட்டு மூடு. பேட்டரியைப் பத்தி அப்புறம் பேசுவோம்.

தேவகோட்டை ரஸ்தா (சனி, ராத்திரி 11:32)

அண்ணே புள்ளைய இப்பிடிப் பயமுறுத்துனா எப்பிடி. நானே நேரா 450லதான் ஆரம்பிச்சேன், பந்து மாட்டுன ட்ரெயினிங் கால் வச்சு.

பொட்டக்காட்டு பைலட் (சனி, ராத்திரி 11:36)

ஆரம்பிச்ச சரி, மொத மாசம் எத்தனை தடவை மெயின் ஷாஃப்ட், அதான் றெக்கையைச் சுத்துற நடுத்தண்டு, மாத்துனன்னு சொல்லு பங்காளி.

தேவகோட்டை ரஸ்தா (சனி, ராத்திரி 11:41)

அது நமக்குள்ள இருக்கட்டும்ணே 😂

ஆத்தங்குடிக்கல்லு (ஞாயிறு, காலை 7:05)

கேட்ட தம்பிக்கு கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், பொம்மை ஹெலி நல்லா வந்துச்சு அதனால இதுவும் வரும்னு நினைக்கிற எடத்துலதான் எல்லாருமே விழுவாங்க.

நீ ஓட்டுனதுக்குப் பேரு கோஆக்சியல். ஒரே தண்டுல ரெண்டு றெக்கை எதிரெதிரா சுத்தும், ஒண்ணு திருப்புறதை இன்னொண்ணு சமப்படுத்திரும், அதனால கையை விட்டாலும் அது பாட்டுக்கு நிக்கும். தொட்டில் மாதிரி. அதுல நீ ஓட்டக் கத்துக்கல, அதுவா பறந்துச்சு நீ பாத்துக்கிட்டு இருந்த, தப்பா எடுத்துக்காத. அடுத்த வகை ஃபிக்ஸட் பிட்ச், ஒரு பெரிய றெக்கை, பின்னால வால்ல குட்டி றெக்கை. றெக்கையோட சாய்வு மாறவே மாறாது, மேல போகணும்னா மோட்டார் வேகமா சுத்தணும், கீழ வரணும்னா வேகம் குறையணும். டபிள்யூஎல் டாய்ஸ் வி911 இந்த வகைதான். மூணாவது கலெக்டிவ் பிட்ச், சுருக்கமா சிபிம்பாங்க. இதுல றெக்கை எப்பவும் ஒரே வேகத்துல சுத்திக்கிட்டே இருக்கும், நீ குச்சியை ஏத்தி இறக்குறப்ப றெக்கையோட சாய்வு மாறும். குச்சியை அசைச்ச மாத்திரத்துல ஏறும், இறங்கும், தலைகீழாக்கூட நிக்கும். உன் 450 இந்த வகை. குச்சியைப் பொசுக்குனு கீழ இழுத்தா பொம்மை ஹெலி மெல்ல இறங்குமே, அந்த மாதிரி இது இறங்காது, தரையைப் பாத்து தன்னையே தள்ளிக்கிட்டு வரும்.

அந்தக் குறுக்குக் கம்பிக்குப் பேரு ஃப்ளைபார். எலக்ட்ரானிக்ஸ் மலிவாகாத காலத்துல தலையை நிதானமா வச்சிருக்க அதுதான் வழி. ஜெர்மன்காரர் டீட்டர் ஷ்லூட்டர் 1970 வாக்குல ஆர்சி ஹெலியை ஒழுங்காப் பறக்க வச்ச காலத்துலேருந்து ரொம்ப நாளைக்கு கம்பிதான் ஓடுச்சு. இப்ப வர்றதுல கம்பி கிடையாது, ஹெலி திரும்புறதை உணர்ற கைரோ வச்ச சின்னப் பெட்டி ஒண்ணு அந்த வேலையைப் பாக்குது, அதுக்கு ஃப்ளைபார்லெஸ்னு பேரு. உன்கிட்ட இருக்கது பழைய மாடல்ங்கிறது கம்பியைச் சொன்னதுமே தெரிஞ்சுபோச்சு.

கருவேலங்காடு (ஞாயிறு, காலை 8:20)

என்கிட்ட ட்ரோன் இருக்கு, கல்யாண வீடியோவுக்கு ஓட்டுறேன். ட்ரோன் ஓட்டத் தெரிஞ்சா ஹெலி வந்துரும்ல? இந்தத் தம்பியும் மொதல்ல ட்ரோன் வாங்கலாமே.

பொட்டக்காட்டு பைலட் (ஞாயிறு, காலை 8:44)

வராதுப்பா. உன் ட்ரோன் ஜிபிஎஸ் பாத்து தானே நிக்குது, குச்சியை விட்டுட்டு டீ குடிக்கலாம். ஹெலியில குச்சியை விட்டா அது போன திசைக்கே போய்க்கிட்டு இருக்கும், நீ எதிர்க்குச்சி குடுத்துத்தான் நிறுத்தணும், நிறுத்துனதும் அதையும் விடணும், இல்லாட்டி அந்தப் பக்கம் கிளம்பிரும். ஒரே எடத்துல நிக்கிறதுக்கே விரல் ரெண்டும் ஓயாம வேலை பாக்கும். சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி, நேராப் போறவனும் ஆட்டிக்கிட்டேதான் இருப்பான், வெளிய தெரியாது.

ஒரு விஷயம் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒத்தை றெக்கை ஹெலி காத்தே இல்லாம அசையாம நிக்கும்போதுகூட லேசா ஒரு பக்கம் சாஞ்சுதான் நிக்கும். வால் றெக்கை பக்கவாட்டுல தள்ளுதுல்ல, அதைச் சமாளிக்கத்தான் அந்தச் சாய்வு. பெரிய ஹெலிகாப்டருக்கும் இதே கதைதான். புதுசா வர்றவன் ட்ரிம், அதான் ரிமோட்ல நடு நிலையைச் சரிபண்றது, தப்பாப் போச்சுன்னு அதைத் திருகிக்கிட்டே கிடப்பான். நானும் கிடந்தேன்.

வளவுப்பொடியன் (ஞாயிறு, மதியம் 1:10)

இம்புட்டு இருக்கா ஆத்தாடி. சரிண்ணே, 450ய மேல ஏத்திட்டேன், அப்பத்தா கேட்டுச்சு என்னடா சாமான் அறைக்குள்ள ஏத்துறன்னு, கல்யாணச் சீர் சாமான்னு நினைச்சிருச்சு போல. இப்ப எனக்கு எதுல ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க. பாக்கெட் மணி ரேஞ்சுல.

ஆத்தங்குடிக்கல்லு (ஞாயிறு, மதியம் 2:30)

மொதல்ல காசை சிமுலேட்டர்ல போடு. வீட்ல கம்ப்யூட்டர் இருக்குல்ல. ரியல்ஃப்ளைட், ஹெலி-எக்ஸ், நெக்ஸ்ட்னு இருக்கு, எதுவா இருந்தாலும் சரி, ஆனா கீபோர்டுலயும் வீடியோகேம் ஜாய்ஸ்டிக்லயும் பழகாத. நிஜ ரிமோட்டை யூஎஸ்பில மாட்டித்தான் பழகணும், விரலுக்கு அந்த நீளமும் அந்த ஸ்ப்ரிங்கும் ஏறணும். சிமுலேட்டர்ல ஐநூறு தடவை விழுந்தாலும் ஸ்பேஸ் பாரைத் தட்டுனா புது ஹெலி வந்து நிக்கும்.

அப்புறம் ரிமோட்டோட மோட், அதாவது எந்தக் குச்சிக்கு எந்த வேலைங்கிறது, பாத்துட்டியா? சித்தப்பா ரிமோட்ல எந்தக் குச்சி நட்டநடுவுக்குத் திரும்பாம நிக்குது, எடதா வலதா?

வளவுப்பொடியன் (ஞாயிறு, மதியம் 2:52)

வலதுல இருக்கதுதான் மேல கீழ அப்பிடியே நிக்குது. இடது நடுவுக்கு வந்துருது.

ஆத்தங்குடிக்கல்லு (ஞாயிறு, மதியம் 3:15)

அப்ப அது மோட் 1. நம்ம பக்கம் நான் பாத்த ஆளுக முக்காவாசி மோட் 2தான், அதாவது இடதுகுச்சியில த்ராட்டிலும் (ஏத்தி இறக்க) ரட்டரும் (மூக்கைத் திருப்ப), வலதுல எலிவேட்டரும் (முன்ன பின்ன) அய்லரானும் (பக்கவாட்டுல). ரெண்டுல எது ஒசத்தின்னு சண்டை போட்டே தலை நரைச்சவங்க இருக்காங்க, அதுல நான் இறங்கல. உனக்குப் பக்கத்துல சொல்லிக்குடுக்கப் போறவன் எதுல ஓட்டுறானோ அதையே பழகு. ஆபத்து நேரத்துல ரிமோட்டை அவன் கையில குடுக்க முடியணும். பாதியில மாத்துறது எடது கையால எழுதக் கத்துக்கிற மாதிரி.

பொட்டக்காட்டு பைலட் (ஞாயிறு, மதியம் 3:40)

நான் மோட் 2. எனக்குச் சம்மதம்தான், தம்பி புதுவயல் வரட்டும்.

ஹெலி எதுன்னா, எக்ஸ்கே கே110 மாதிரி குட்டி சிபி. 1எஸ் பேட்டரி, அதாவது ஒத்தை செல், 450 எம்ஏஹெச், சுவிட்சைத் தட்டுனா 6ஜி, கைரோ தாங்கிப் பிடிக்கும், மறுபடி தட்டுனா 3டி, தாங்காது. றெக்கை பிளாஸ்டிக், விழுந்தா வளையும், அடிச்சா சுருக்குனு இருக்கும், அதுக்கு மேல பெருசா ஒண்ணும் ஆகாது, கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்க. ஒரு விஷயம், கே110 ரிமோட்டுகிட்ட ஃபுட்டாபா கம்பெனியோட எஸ்எஃப்ஹெச்எஸ்எஸ் மொழி பேசும். ஃப்ளைஸ்கை ஐ6 ரிமோட் விலை மலிவுன்னு அதை வாங்கிட்டு வந்து பேசமாட்டேங்குதுன்னு நிக்காத. பல மொழி பேசுற மல்டி புரோட்டோகால் இருக்க ரேடியோமாஸ்டர் ரிமோட் வாங்குனா இதுக்கும் ஆகும் சிமுலேட்டருக்கும் ஆகும்.

தேவகோட்டை ரஸ்தா (ஞாயிறு, சாயங்காலம் 5:55)

இங்கதான் எனக்கு ஒப்பல. மொதல்ல வி911 மாதிரி ஃபிக்ஸட் பிட்ச்ல பழகட்டுமே, விலை கம்மி, நாலே சேனல், வளவுக்குள்ளயே ஓட்டலாம்.

பொட்டக்காட்டு பைலட் (ஞாயிறு, சாயங்காலம் 6:20)

வளவுக்குள்ள சரி, மொத வாரத்துக்கு அதுவும் சரி. ஆனா ஃபிக்ஸட் பிட்ச் கைக்குக் கெட்ட பழக்கம் குடுக்கும். த்ராட்டில் குடுத்தா மோட்டார் வேகம் ஏறி அப்புறம்தான் தூக்கும், அந்தத் தாமதத்துக்கு விரல் பழகிரும், பின்னால சிபியில ஏறுனா எல்லாத்தையும் கூடுதலா குடுப்ப. வெளிய கொண்டுபோனா ஆடிக் காத்து வேண்டாம், வைகாசிக் காத்துலயே தூக்கிட்டுப் போயிரும், த்ராட்டிலைக் கொறச்சாலும் காத்தாடி மாதிரி மேலயே போகும். சிபியில நெகட்டிவ் பிட்ச், அதான் றெக்கை எதிர்ப்பக்கம் சாயுறது, இருக்கதுனால கீழ அமுக்கி இழுத்துட்டு வந்துரலாம். அதான் வித்தியாசம்.

தேவகோட்டை ரஸ்தா (ஞாயிறு, சாயங்காலம் 6:31)

ஒங்க வாதம் புரியுது, ஆனா பயத்தைப் போக்குறதுக்கு வி911 மாதிரி ஒண்ணு கிடையாது. எங்க வீட்ல அப்பாவே ஓட்டுனாரு அதை.

பள்ளத்தூர் மீனா (திங்கள், காலை 9:10)

குறுக்க வர்றேன் மன்னிச்சுக்கங்க, என் பையனும் இதே கேட்டுக்கிட்டு இருக்கான் 14 வயசு. இதுல போடுற லிப்போ, அதான் லித்தியம் பாலிமர் பேட்டரி, தீப்பிடிக்கும்ங்கிறாங்களே நெசமா? எங்க வீட்ல எல்லாம் பர்மாத் தேக்கு, அதான் கேக்குறேன்.

ஆத்தங்குடிக்கல்லு (திங்கள், காலை 10:25)

நெசந்தான் ஆச்சி, ஆனா கொஞ்சம் ஒழுங்கா இருந்தா வராது. ஒரு செல் 3.7 வோல்ட்டுன்னு பேரு, நிறைஞ்சா 4.2. அதுக்கு மேல ஏத்தக்கூடாது, 3க்குக் கீழ இறக்கவே கூடாது, பாதுகாப்புக்கு எம்பது சதம் செலவானதும் இறக்கிரணும், அதுக்கு ரிமோட்ல டைமர் வச்சுக்கிட்டாப் போதும். நாள்கணக்கா ஓட்டப்போறதில்லன்னா நிறைய ஏத்தி வைக்காம 3.8ல வைக்கணும். நல்ல சார்ஜர்ல ஸ்டோரேஜ்னே ஒரு பட்டன் இருக்கும். சார்ஜ் 1சி, அதாவது 2200 எம்ஏஹெச் பேட்டரிக்கு 2.2 ஆம்ப்.

சார்ஜ் போட்டுட்டுத் தூங்கப் போறது, மதியம் வெயில்ல கார்க்குள்ள விட்டுட்டுப் போறது, இது ரெண்டும் வேண்டாம். நம்ம ஊர் சித்திரை வெயில்ல கார்க்குள்ள வடாம் காயும். தேக்கு மேசையில வைக்காம முற்றத்துக் கல்லு மேல மண்சட்டிக்குள்ள வச்சு சார்ஜ் போடச் சொல்லுங்க பையனை. அப்பளம் மாதிரி உப்பிப்போன பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது, 12 வோல்ட் கார் பல்பு ஒண்ணை மாட்டி வெளிய வச்சு முழுசா எறக்கிட்டுத்தான் தூக்கிப்போடணும். பேட்டரி ஆராய்ச்சி பண்ற சிக்ரியை ஊருக்குள்ள வச்சுக்கிட்டு லிப்போவை பழைய செல்போன் சார்ஜர்ல போட்ட ஆளையும் நான் இங்க பாத்திருக்கேன்.

சித்தப்பா கதைக்கும் ஒரு திருத்தம். உதிரி லித்தியம் பேட்டரியைப் பெரிய பெட்டியிலதான் போடக்கூடாது, கையில எடுத்துட்டு வர்ற பையில வைக்கலாம், முனையை டேப் சுத்தி. 3எஸ் 2200ன்னா 24 வாட்-ஹவர்தான் வரும், 100க்கு ரொம்பக் கீழ. அடுத்த தடவை வரும்போது சொல்லு தம்பி.

கருவேலங்காடு (திங்கள், மதியம் 12:40)

செட்டிநாடு ஸ்டேஷன் பக்கம் பழைய ஓடுதளம் இருக்குல்ல, ரெண்டாம் உலகப்போர் காலத்துது, அங்க போய் ஓட்டலாமே எல்லாரும் சேந்து. அம்புட்டு எடமும் சும்மாதான கிடக்கு.

பொட்டக்காட்டு பைலட் (திங்கள், மதியம் 1:15)

சும்மா கிடந்தாலும் அரசாங்க எடம், கேக்காம நுழையாத. நமக்கு வத்துன கண்மாய் போதும். ஆளு, மாடு, கரண்டுக் கம்பி இல்லாத பக்கமா.

சட்டமும் சொல்லிடுறேன். ட்ரோன் விதிகள் 2021ல றெக்கை சுத்துறதும் சேத்திதான். 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரை மைக்ரோ. குட்டி எல்லாம் நானோ, 450 மைக்ரோவுல விழும். ரெண்டுக்குமே விளையாட்டுக்கு ஓட்டுறதுக்கு பைலட் லைசன்ஸ் கேக்கல. ஆனா அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்ல உன் எடம் பச்சையா, அதாவது பறக்கவிடலாம்னு, இருக்கான்னு பாத்துக்க, 400 அடிக்கு மேல போகாத, கண்ணுக்குத் தெரியிற தூரத்தைத் தாண்டாத. 400 அடி என்ன, 40 அடியிலயே குட்டி ஹெலி மூக்கு எந்தப் பக்கம்னு தெரியாது உனக்கு.

வளவுப்பொடியன் (மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு காலை 9:30)

அண்ணனுங்களா அப்டேட். சிமுலேட்டர்ல தினம் அரை மணி நேரம் ஓட்டுனேன், ஹெலிக்குப் பின்பக்கம் நின்னு அந்தரத்துல ஒரே எடத்துல நிறுத்துறது ஓரளவு வந்துருச்சு. குட்டியும் வந்துருச்சு. நேத்து வளவுல தூக்குனேன்.

ஆத்தங்குடிக் கல்லுத் தரை வழுவழுன்னு இருக்கதுல ஹெலி தூக்குறதுக்கு முன்னாடியே வழுக்கிக்கிட்டு தூணைப் பாத்துப் போகுது, ஒரு அரை அடி தூக்குனதும் அங்கிட்டும் இங்கிட்டும் பேய் புடிச்ச மாதிரி ஆடுது, நான் பயந்துபோய் த்ராட்டிலை முழுசா கீழ இழுத்தேன், பொத்துன்னு விழுந்து றெக்கை தரையைத் தட்டிக்கிட்டே சுத்துது, என்ன பண்ணணும்னே தெரியல, அப்பத்தா உள்ளருந்து அது என்னடா கரப்பாம்பூச்சிங்கிது. வால் றெக்கை போச்சு.

பொட்டக்காட்டு பைலட் (ஞாயிறு, காலை 10:02)

த்ராட்டில் ஹோல்டு தட்டுனியா?

வளவுப்பொடியன் (ஞாயிறு, காலை 10:05)

இல்லண்ணே மறந்துட்டேன்.

பொட்டக்காட்டு பைலட் (ஞாயிறு, காலை 10:30)

அதான். ஹோல்டு சுவிட்சு மோட்டாரை மட்டும் அணைக்கும், மத்த எல்லாம் வேலை செய்யும். றெக்கை தடைபட்டு நிக்கும்போது மோட்டார் ஓடிக்கிட்டே இருந்தா கெட்டுப்போறது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற ஈஎஸ்சியும் கியரும். விழப்போகுதுன்னு தெரிஞ்ச நொடியில விரல் தானாப் போய் ஹோல்டைத் தட்டணும், யோசிச்சுத் தட்டுனா லேட்டு. சிமுலேட்டர்லயும் ஒவ்வொரு விழுகைக்கும் ஹோல்டு தட்டித்தான் ரீசெட் பண்ணணும்னு வச்சுக்க. ஹெலிகிட்ட நடந்து போறப்பவும் ஹோல்டு, பேட்டரி மாட்டுறப்பவும் ஹோல்டு. நான் உனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக்குடுக்க முடியும்னா இதைத்தான் சொல்லுவேன், பிட்ச் கணக்கெல்லாம் எவன் வேணா சொல்லுவான்.

அரை அடியில ஆடுனதுக்கு உன் மேல தப்பில்ல. றெக்கை கீழ தள்ளுற காத்து தரையில பட்டுத் திரும்பி ஹெலி மேலயே மோதும், நாலு சுவரு இருந்தா கேக்கவே வேண்டாம். தரையை ஒட்டி நிறுத்தப் பாக்காத, கண்ணு மட்டத்துக்குத் தூக்கிரு, அங்கதான் நிதானமா இருக்கும். பயத்துல எல்லாருமே தாழத்தான் ஓட்டுவாங்க, தாழ இருக்கதுதான் கஷ்டம். நாலஞ்சு மீட்டர் பின்னால நின்னு வாலைப் பாக்காம மூக்கைப் பாரு.

வளவை விட்டு வெளிய வா. வெள்ளன ஆறு மணிக்குக் கண்மாய்க்குள்ள காத்தே இருக்காது, எட்டாச்சுன்னா கிளம்பிரும்.

தேவகோட்டை ரஸ்தா (ஞாயிறு, காலை 11:00)

கண்மாய்க்குப் போனா மயிலுக்குப் பாத்துக்க தம்பி, எனக்கு ஒண்ணு தொரத்திருச்சு. சீமைக்கருவேலத்துக்குள்ள விழுந்தா தேடப்போறப்ப தடிச்ச செருப்பா போட்டுக்க, இல்லாட்டி முள்ளு அடிப்பாகத்தைத் தொளைச்சுக்கிட்டு உள்ள வந்துரும். அப்புறம் வெள்ளைக் கலர் மூடி வச்சிருந்தா அதுல ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டு, விடியக்காலை வானத்துல வெள்ளை காணாமப் போயிரும்.

ஆத்தங்குடிக்கல்லு (ஞாயிறு, மதியம் 12:15)

செம்மண் புழுதியையும் சேத்துக்கங்க. தரையில சாக்கோ பழைய பிளெக்ஸ் பேனரோ விரிச்சு அதுமேல இருந்து ஏத்தி இறக்கு. இல்லாட்டி ஒரே மாசத்துல பேரிங்கு நறநறங்கும்.

வளவுப்பொடியன் (ரெண்டு மாசம் கழிச்சு, சனி ராத்திரி 8:50)

பைலட் அண்ணன்கிட்ட எட்டு ஞாயித்துக்கிழமை போயிட்டேன். பின்பக்கம் நின்னு ஒரு பேட்டரி முழுசா நிறுத்துறேன், எடப்பக்கம் வலப்பக்கம் திருப்பி நிறுத்துறதும் வருது, வலப்பக்கம் கொஞ்சம் உதறுது. மூக்கு நம்மளைப் பாத்துச்சுன்னாத்தான் எல்லாம் போயிருது. நேத்து நாலு செகண்டு நின்னுச்சு, அஞ்சாவது செகண்டுல எடதுக்குப் போறதைத் தடுக்கப்போய் எடதுக்கே குடுத்துட்டேன், நேரா ஆட்டுக்கிடைக்குள்ள போச்சு. ஆடு எதுக்கும் ஒண்ணும் ஆகல, கீதாரி ஐயாதான் இதை வச்சு ஆட்டை மேய்க்கலாமாடான்னு கேட்டாரு. ஆனா ஹோல்டு தட்டிட்டேன்ணே, விழுறதுக்கு முன்னாடியே. றெக்கைகூட உடையல.

ஆத்தங்குடிக்கல்லு (சனி, ராத்திரி 9:20)

நாலு செகண்டு நல்ல கணக்கு. முகத்துக்கு நேரா ஒரேயடியாத் திருப்பாத, பக்கவாட்டுலேருந்து பைய பைய நாப்பத்தஞ்சு டிகிரி, அப்புறம் இன்னுங்கொஞ்சம். கலங்குச்சுன்னா ரட்டரை மட்டும் திருப்பி பழைய நிலைக்கு ஓடி வந்துரு. சிலர் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே குச்சியைக் குடு, முட்டுக் குடுக்குற மாதிரின்னு சொல்லிக்குடுப்பாங்க. எனக்கு அது உதவல, கண்ணாடி முன்னாடி நின்னு மீசை கத்தரிக்கிற மாதிரிதான், யோசிக்கிற வரைக்கும் கோணலாத்தான் போகும்.

வளவுப்பொடியன் (சனி, ராத்திரி 9:34)

சித்தப்பா போன்ல கேக்குறாரு 450 பறந்துச்சான்னு. பொங்கலுக்கு வர்றாராம், பேட்டரியைக் கைப்பையில வச்சு எடுத்துட்டு வர்றேங்கிறாரு. என்ன சொல்லட்டும்?

பொட்டக்காட்டு பைலட் (சனி, ராத்திரி 9:50)

எடுத்துட்டு வரச்சொல்லு. நாளைக்கு வரும்போது 450யும் ரிமோட்டையும் தூக்கிட்டு வா, பேட்டரி என்கிட்ட இருக்கு. மோட்டார் வயர் மூணுல ரெண்டைக் கழட்டிட்டு சர்வோ (றெக்கைச் சாய்வை மாத்துற குட்டி மோட்டார்) நேரா இருக்கா, ஸ்வாஷ் (அந்தச் சாய்வை றெக்கைக்குக் கொண்டுபோற தட்டு) மட்டமா நிக்குதா, வாலைக் கையால திருப்புனா கைரோ எதிர்ப்பக்கம் தள்ளுதான்னு மட்டும் பாப்போம். ரிமோட்டை மோட் 2க்கு மாத்துற வேலை வேற இருக்கு, பின்பக்கம் கழட்டி ஸ்ப்ரிங்கை எடம் மாத்தணும், அதுக்கே ஒரு காலைப்பொழுது போயிரும்.

வளவுப்பொடியன் (சனி, ராத்திரி 9:52)

சரிண்ணே!! றெக்கையையும் மாட்டிக் கொண்டு வரவா?

பொட்டக்காட்டு பைலட் (சனி, ராத்திரி 9:53)

றெக்கை வீட்லயே இருக்கட்டும். குட்டிக்கு பேட்டரி நாலையும் சார்ஜ் போட்டு எடுத்துட்டு வா.